இரண்டாவது கண்ணுக்கான அவகாசம்

தட்டுவடை செட்டில் நாலு கடி மென்றதும் தாடை பிடித்துக்கொண்டு வலிக்கிறது. மெல்லுவதை நிறுத்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வலி போய்விடுகிறது. மறுபடி மென்றால் மறுபடி வருகிறது. எழுபது வயதுக்காரர் ஒருவர் இப்படிச் சொன்னால் சேலத்தில் அவரைப் பெரும்பாலும் பல் டாக்டரிடம்தான் அனுப்பிவைப்பார்கள். அந்த வயதில் ஆட்டம் கண்ட கடைவாய்ப்பல் ஒன்று எப்படியும் இருக்கும், அதைப் பிடுங்கிவிடுவார்கள். வலி மட்டும் நிற்காது. பல்லில் கோளாறு என்றால் முதல் கடியிலேயே சுரீரென்று இழுக்கும். தாடைத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலி வேறு மாதிரி: மெல்ல மெல்ல ஏறும், ஓய்ந்தால் இறங்கும். இதைக் கேட்டுப் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். கேட்காமல் விட்டால் சில நாளில் ஒரு கண் போகலாம், அடுத்த சில நாளில் இன்னொரு கண்ணும் போகலாம்.

நோயின் பெயர் ஜயன்ட் செல் ஆர்டரைட்டிஸ். நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியை அதிகம் தாக்குவதால் டெம்போரல் ஆர்டரைட்டிஸ் என்றும் சொல்வார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கே வரும், எழுபதுகளில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் தன் சொந்தத் தமனிச் சுவரையே பகையென்று எடுத்துக்கொண்டு அதற்குள் புகுந்துவிடுகின்றன. சுவருக்குள் இருக்கும் மெல்லிய மீள்படலம் துண்டு துண்டாகச் சிதைகிறது. உள்சுவர் தடித்து, ரத்தம் போகும் வழி குறுகி, கடைசியில் அடைபடுகிறது. மண்டையோட்டுக்குள் நுழைந்த பிறகு தமனிகளில் அந்த மீள்படலம் மிகவும் குறைந்துவிடும். அதனால் மூளைக்குள் இருக்கும் நாளங்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. பொட்டுத் தமனி, தாடைக்கும் நாக்குக்கும் போகும் கிளைகள், பின்கழுத்து வழியே ஏறும் தமனி ஆகியவை மாட்டிக்கொள்கின்றன. கண்ணுக்குப் பின்னால் பார்வை நரம்பின் தலைக்கு ரத்தம் கொடுக்கும் சிலியரி தமனிகளும் அதில் அடக்கம்.

அந்தக் கடைசித் தமனிகள்தான் எல்லாவற்றையும் அவசரமாக்குகின்றன. பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. அவை கண்ணைவிட்டு வெளியேறும் இடத்துக்கு இந்தச் சிறு தமனிகளை விட்டால் வேறு வழியில் போதிய ரத்தம் வராது. அடைபட்டால் இழைகள் செத்துப்போகும், செத்த இழை மறுபடி முளைக்காது. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே இந்தத் தமனிகளை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்தவர். விழித்திரையின் மையத் தமனியைக் குரங்குகளில் அடைத்துப் பார்த்தார். 97 நிமிடம் வரை பெரிய சேதம் இல்லை, 240 நிமிடத்துக்குப் பிறகு மீட்க எதுவும் மிச்சமில்லை. இந்த நோயில் பார்வை இழந்தவர்களுக்கு அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்தும் உண்மையாகவே பார்வை திரும்பியது நூற்றில் சுமார் நான்கு பேருக்குத்தான் என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

அப்படியானால் எதற்கு இத்தனை ஓட்டம் என்று குடும்பத்தார் கேட்பார்கள். ஓடுவது அடுத்த கண்ணுக்காக. சிகிச்சை இல்லாமல் விட்டால் பாதிப்பேர் வரைக்கும் மறு கண்ணையும் இழக்கிறார்கள், அதுவும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள். ஒரு கண் போனவர் கைத்தறி ஓட்டலாம், கடையில் உட்காரலாம், எஸ்டேட்டில் மிளகு பிரிக்கலாம். இரண்டும் போனவரின் வாழ்க்கையே வேறு. போன கண்ணைப் பற்றி அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இதை எடுத்துச் சொல்வது கடினம். ஆனாலும் முதல் நாளே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த நோய் வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக அதிகம், நம் நாட்டில் குறைவு. குறைவு என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்வதால்தான் இங்கே கண்கள் போகின்றன. ஒவ்வொரு அறிகுறிக்கும் இங்கே ஒரு காரணம் தயாராக இருக்கிறது. தலைவலி என்றால் சைனஸ் அல்லது பிரஷர். பார்வை மங்கினால் சர்க்கரை அல்லது புரை. உடல் மெலிந்தால் வயசு. ஏற்காட்டில் காலை எழுந்ததும் இரண்டு தோளும் பிடித்துக்கொண்டால் குளிர், வாயு. இவை எல்லாமே நடக்கக்கூடியவைதான், அதுதான் சிக்கல். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணம். ஒரே ஆளிடம் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்தால் சாதாரணம் இல்லை.

குளிரால் வந்த பிடிப்பு எழுந்து நடமாடி ஒரு டம்ளர் காபி குடித்ததும் விடும். இந்த நோயோடு சேர்ந்து வரும் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற தசைப்பிடிப்பு காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கும், இரண்டு பக்கமும் இருக்கும். கொடியில் துணி போடக் கை தூக்க முடியாது, தரையில் உட்கார்ந்தால் ஒருவர் கைகொடுக்க வேண்டும். தலைவலியிலும் அடையாளம் உண்டு. ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக வந்த வலி, அல்லது இருந்த வலியே குணம் மாறியது. சீப்பு பட்டால், தலையணையில் சாய்ந்தால் மண்டைத் தோல் வலிக்கும். ஜொனாத்தன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1890-ல் எழுதிய முதியவரும் இப்படித்தான்: பொட்டில் தமனிகள் சிவந்து வீங்கி, தொப்பி போட முடியாமல் இருந்தார். தலைமுடியில் எண்ணெய் தேய்க்க விடாத பாட்டியைப் பிடிவாதக்காரி என்று முடிவு கட்டுவதற்கு முன் ஏன் தொட விடவில்லை என்று கேளுங்கள்.

எல்லாவற்றிலும் கனமான அறிகுறி தாடை வலிதான். பயாப்சி (பொட்டுத் தமனியில் ஒரு துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தவர்களை வைத்து ஹேரே 1997-ல் வெளியிட்ட ஆய்வில், மெல்லும்போது தாடை வலித்தவர்களுக்கு இந்த நோய் உறுதியாகும் வாய்ப்பு ஒன்பது மடங்காக இருந்தது. நாக்கு மரத்துப்போவது, பின்கழுத்து வலி, இன்ன காரணம் என்று தெரியாத லேசான காய்ச்சல், பசியின்மை ஆகியவையும் கணக்கில் சேரும். இன்னொரு பக்கம், கண் போனவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இவற்றில் எதுவுமே இருந்திருக்காது. தலையும் வலிக்கவில்லை, தாடையும் வலிக்கவில்லை என்பதற்காக நோயை ஒதுக்கிவிட முடியாது.

கண் முழுவதும் போவதற்கு முன் பலருக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. ஒரு கண்ணில் சில நிமிடம் இருட்டிக்கொண்டு வந்து தெளியும். குனிந்து எழும்போது வரலாம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரலாம். சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். "செத்த நேரம் மங்கலா இருந்துச்சுங்க, இப்ப சரியாப் போச்சு" என்று சொல்லி வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சரியாகப் போன அந்த நேரம்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்.

ஒரு கண்ணின் இழப்பை மறு கண் மறைத்துவிடும் என்பதால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தினசரி காலண்டரை மூன்றடி தள்ளி மாட்டி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மறு கண்ணால் தேதியையும் கீழே இருக்கும் சிறு எழுத்தையும் படிக்க வேண்டும். விரல் இடுக்கு வழியே பார்க்காமல் கவனியுங்கள். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே பார்க்கலாம். பிறகு சிவப்பாக எதையாவது, ஒரு செம்பருத்திப் பூவைக்கூட, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் அந்தப் பக்கப் பார்வை நரம்பில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். பார்வையின் மேல் பாதியோ கீழ்ப் பாதியோ மட்டும் இல்லாமல் போவதும் இந்த நரம்பு அடைப்பின் அடையாளம்.

திடீர்ப் பார்வை இழப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. சிலந்தி வலைபோல் கறுப்பு நூல்கள் மிதந்தால் சர்க்கரை நோயில் வரும் ரத்தக்கசிவாக இருக்கலாம். மின்னல் வெட்டி ஓரத்திலிருந்து திரை இறங்கினால் விழித்திரை விலகல். கண் சிவந்து, வலித்து, வாந்தியும் வந்தால் கண் அழுத்தம். இவை எல்லாவற்றுக்குமே அன்றைக்கே போக வேண்டும். எது என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் பொது வரிசையில் டோக்கன் வாங்கி நிற்காமல், "நேற்றுவரை தெரிந்த கண் இன்றைக்குத் தெரியவில்லை" என்று வாசலிலேயே சொல்லுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, தலை, தாடை, தோள் எப்படி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது.

மாத்திரை விஷயத்தை மறைக்கக் கூடாது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் பேர் இல்லாமல் தரும் செட் மாத்திரையில் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. அது நோயை அரைகுறையாக அமுக்கிவைக்கும். தலைவலி நாலு நாள் விட்டு மறுபடி வரும், ரத்தப் பரிசோதனை அளவு இறங்கிக் காட்டும், தமனிக்குள் தீ அணைந்திருக்காது. செட் மாத்திரை சாப்பிட்டதும் தோள் வலி மாயமாகப் போய்விட்டது என்று ஒரு முதியவர் சொன்னால், அதையே நோய்க்கான தடயமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிருந்து பரிசோதனை. டாக்டர் இரண்டு விரலால் காதுக்கு முன்னால் தொட்டு, பொட்டு வழியாக மேலே தடவிப் போவார். நல்ல தமனி மெத்தென்று துடிக்கும். நோய் கண்ட தமனி கயிறுபோல் கெட்டியாக உருளும், அழுத்தினால் வலிக்கும், துடிப்பு குறைந்தோ இல்லாமலோ இருக்கும். அடுத்து டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடிப்பார். கெட்ட பக்கம் வெளிச்சம் வந்ததும் கண் பாப்பா சுருங்குவதற்குப் பதில் விரியும். மருந்து விட்டு உள்ளே பார்த்தால் பார்வை நரம்பின் தலை வீங்கி, சுண்ணாம்பு வெளுப்பாக இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் வரும் சாதாரண நரம்பு அடைப்பில் வீக்கம் இருக்கும், இந்த அளவு வெளுப்பு இருக்காது.

ரத்தத்தில் மூன்று பார்க்க வேண்டும்: இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டுபவை), தட்டணு எண்ணிக்கை. இ.எஸ்.ஆர். சின்ன லேபிலும் கிடைக்கும். வெஸ்டர்கிரென் குழாயில் ரத்தத்தை நிரப்பி, சரியாக ஒரு மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி, சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்ப்பார்கள். குழாய் சாய்ந்து நின்றால் அளவு கூடிவிடும், ரத்தம் எடுத்து நெடுநேரம் கிடந்தால் குறையும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி, இதுதான் தோராயமான உச்சவரம்பு. எழுபது வயதுப் பெண்ணுக்கு 40 வரை போகலாம். இந்த நோயில் பலருக்கு 80, 100 என்று நிற்கும். ரத்தசோகை இருந்தாலும் இ.எஸ்.ஆர். ஏறும், ஆகவே சி.ஆர்.பி.யும் வேண்டும். தட்டணு நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அபூர்வமாகச் சிலருக்கு இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டுமே சரியாக இருக்கும். அப்போது காகிதத்தைவிட நோயாளி சொல்வதை நம்ப வேண்டும்.

ரத்தம் எடுத்ததும் ஸ்டீராய்டு மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும். ரிப்போர்ட் வரட்டும், ஸ்கேன் ஆகட்டும், பயாப்சி முடியட்டும் என்று காத்திருப்பதுதான் இந்த நோயில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பார்வை போயிருந்தாலோ விட்டுவிட்டு மங்கினாலோ மெத்தில்பிரெட்னிசோலோன் 250 மி.கி. முதல் 1 கிராம் வரை, தினம் ஒரு முறை, மூன்று நாள் வரை ரத்த நாளம் வழியாக ஏற்றுவார்கள். உப்புநீரில் கலந்து குறைந்தது ஒரு மணி நேரம் மெதுவாக இறங்க வேண்டும். வேகமாக விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். முன்னதாக பொட்டாசியம், ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிறகு வாய்வழி பிரெட்னிசோலோன், தினம் 40 முதல் 60 மி.கி.

மலையில் இருப்பவர்களுக்கு இது வேறு கணக்கு. நாகலூர், வாழவந்தி பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ ஒரு கண் ஆஸ்பத்திரியையோ அடைவதற்குள் அரை நாள் போய்விடும். மாலையில் கண் மங்கினால் காலை பஸ்ஸுக்குப் போகலாம் என்று தோன்றும். அந்த ராத்திரிக்குள் மறு கண் போகக்கூடும். மெத்தில்பிரெட்னிசோலோன் மேலே இல்லாவிட்டாலும் பிரெட்னிசோலோன் மாத்திரை இருக்கும், 20 மி.கி. மூன்று போட்டால் 60. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாக இருக்கும் டெக்சாமெத்தசோன் ஊசி 8 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் சுமார் 50 மி.கி.க்குச் சமம். மலையில் பார்க்கும் டாக்டர் சந்தேகம் வலுவாக இருந்தால் முதல் டோஸைக் கொடுத்து, நேரத்தைச் சீட்டில் எழுதி, கீழே அனுப்புவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். இது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு, கடையில் வாங்கி நாமே போட்டுக்கொள்வதற்கான அனுமதி இல்லை. நெற்றியில் அக்கிக் கொப்புளம் இருப்பவருக்கு வைரஸ் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் கெடுதல்.

இன்னொன்றும் மலைக்காரர்களுக்காக. செருப்பில்லாமல் காபித் தோட்டத்து ஈர மண்ணில் நடந்தவர்கள் உடலில் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்ற புழு பல வருடம் சத்தமில்லாமல் குடியிருக்கலாம். ஸ்டீராய்டு ஏறியதும் அது உடல் முழுக்கப் பெருகி உயிரையே எடுத்துவிடும். மலத்தைச் சோதிக்கலாம், ஆனால் ஒரே மாதிரியில் புழு தெரியாமல் போவது சகஜம். ஆகவே ஐவர்மெக்டின் கொடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டைத் தள்ளிப்போடாமல் கூடவே இதைச் செய்துவிடலாம். பழைய காசநோய் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள்.

சர்க்கரைக்காரர்கள் ஸ்டீராய்டுக்குப் பயந்து மறுத்துவிடுகிறார்கள். பயம் நியாயம், மறுப்பது நியாயம் இல்லை. காலையில் போடும் பிரெட்னிசோலோன் மதியத்துக்குப் பிறகுதான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றில் 110 காட்டும் ஆளுக்கு மாலை நாலு மணிக்கு 350 இருக்கலாம். காலையில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டுச் சரி என்று இருந்துவிடக் கூடாது. தேவைப்பட்டால் கொஞ்ச காலம் இன்சுலின் போடலாம், சர்க்கரையை மறுபடி இறக்கிவிட முடியும்.

பயாப்சி கத்தி வைக்கும் வேலை என்பதால் பலர் தயங்குகிறார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, மயிர்க்கோட்டுக்குள் சிறு கீறல் போட்டு எடுப்பார்கள், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். எடுக்கும் துண்டு குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், ஒன்றரை இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. நோய் தமனி முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. அம்மாபேட்டைத் தறியில் கட்டுச் சாயம் போட்ட நூல்போல் ஒரு இடம் பிடித்திருக்கும், அடுத்த இடம் வெள்ளையாக இருக்கும். குட்டைத் துண்டாக எடுத்தால் அந்த வெள்ளை இடம் மாட்டி, நோயே இல்லை என்று வந்துவிடும். ஸ்டீராய்டு ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுத்தால் தடயம் கிடைக்கும். நெற்றித் தசையை ஆட்டும் முக நரம்பின் கிளை பக்கத்திலேயே ஓடுவதால் பழகிய கை வேண்டும், அது அடிபட்டால் புருவம் தொங்கும். பழகிய ஆள் இருந்தால் அல்ட்ராசவுண்டே போதும், தமனியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். அந்த வளையம் மருந்து ஆரம்பித்த சில நாட்களிலேயே மங்க ஆரம்பிப்பதால் ஸ்கேன் முதல் வாரத்துக்குள் ஆக வேண்டும்.

ஸ்டீராய்டு போட்ட ஓரிரு நாளிலேயே தலைவலி, தோள் பிடிப்பு எல்லாம் பறந்துபோகும். அங்கேதான் அடுத்த ஆபத்து. குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள், அல்லது முகம் உப்புகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதால் பாதியாக்கிவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் 15 முதல் 20 மி.கி.க்கு இறக்கி, ஒரு வருடம் கழித்து 5 மி.கி. அல்லது அதற்குக் கீழே கொண்டுவருவதுதான் வழக்கம். சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்புவது ஒரு பக்கம். உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருப்பதால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிப்போவது இன்னொரு பக்கம். வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் ஊசியாகப் போட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவர் ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், நிறுத்தக் கூடாது என்று எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

எலும்புக்கு கால்சியம், வைட்டமின் டி, வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. தருவார்கள். அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஸ்டீராய்டைக் குறைக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு டோசிலிசுமாப் ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் 2017-ல் இந்த நோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது, விலை அதிகம். அது சி.ஆர்.பி.யை நேரடியாகவே அமுக்கிவிடும் என்பதால், அந்த ஊசி போடுபவருக்கு ரிப்போர்ட் சரியாக இருப்பதை வைத்து நோய் அடங்கியதாகச் சொல்ல முடியாது. அறிகுறிகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் பெண்ணுக்குக் கை ஓங்கினால் வலி, ஒரு கையில் நாடி குறைவு, இரண்டு கைக்கும் ரத்த அழுத்தத்தில் பெரிய வித்தியாசம், எழுந்து நின்றால் கண் இருட்டுவது ஆகியவை சேர்ந்தால் அது இளவயதில் வரும் இன்னொரு தமனி நோயான டகயாசு ஆர்டரைட்டிஸாக இருக்கலாம். அதில் கண்ணுக்குள் வரும் மாற்றங்களை 1908-ல் எடுத்துச் சொன்னவர் மிகிட்டோ டகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர். நம் நாட்டில் அது அபூர்வம் இல்லை. இரண்டு கையிலும் பிரஷர் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் பெரும்பாலான கிளினிக்கில் பார்ப்பதில்லை.

ஜயன்ட் செல் ஆர்டரைட்டிஸ் அடங்கி, மாத்திரை நின்று, வருடங்கள் கழிந்த பிறகும் நெஞ்சில் ஓடும் பெருந்தமனி பலூன்போல் விரியலாம். ஆரம்பத்தில் எந்த வலியும் தராது. தொடர்ந்து பார்க்கும் ருமாட்டாலஜி (மூட்டுவாத நோய்) டாக்டரிடம் பெருந்தமனிக்கான ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டு, தேதியை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று நெஞ்சோ முதுகோ பிளப்பதுபோல் வலித்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிடுங்கள், பழைய நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள்.